எண்ணெய் காய்ச்சற வேலை

இங்க ஒஹாயோவுல தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குப் போனா, புதுசா அறிமுகமாகறவங்க ரெண்டு கேள்வி கேப்பாங்க. முதல் கேள்வி, "நீங்க எந்த ஊருங்க?"

"கே.ஜி.எஃப்."

முன்னாடியெல்லாம் இதுக்கு, "ஓ கர்நாடகாவா? தமிழ் நல்லாப் பேசறீங்களே!"ன்னு ஒரு பாராட்டு கிடைக்கும். 2018-ல அந்தப் படம் வந்ததுக்கு அப்புறம், "ராக்கி பாய் ஊரா சார்?"ன்னு கேக்கறாங்க. எங்க தாத்தா வட ஆற்காட்டுல பஞ்சம் பிழைக்கப் போன ஆளு, ராக்கி பாய் எல்லாம் இல்லைங்கன்னு சொன்னா பசங்க முகம் சுருங்கிப் போவுது :-)

ஒரு தகவலுக்காகச் சொல்றேன். 1880-ல ஜான் டெய்லர் கம்பெனி வந்து தோண்ட ஆரம்பிச்சதுலேர்ந்து 2001 வரைக்கும் அந்த மண்ணுக்குள்ள இருந்து சுமார் 800 டன் தங்கம் எடுத்திருக்காங்க. இறங்கி வெட்டினவங்கள்ல பெரும்பாலானவங்க வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பக்கத்து ஏழை ஜனங்க. அதனாலதான் கர்நாடகாவுக்கு நடுவுல மாரிக்குப்பம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைன்னு எங்க தெருவெல்லாம் தமிழ் பேசும்.

ரெண்டாவது கேள்வி, "என்ன வேலை பாக்கறீங்க?" கூட்டத்துல பாதிப் பேரு ஐ.டி. நான் மட்டும், "எண்ணெய் காய்ச்சறேன்"ம்பேன். சமையல் கான்டிராக்டுன்னு நினைச்சு பையனோட பூணூல் விழாவுக்கு ரேட் கேட்டவரும் உண்டு. ஹி ஹி.

ஆனா பொய் இல்லைங்க. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல நான் பாக்கறது அந்த வேலைதான். தொழிற்சாலையில சூடான எண்ணெயைச் சுத்தவிட்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தற யூனிட். சுருக்கமா டி.சி.யூ. இன்னிக்கு அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் டெக்னிக்கல், கொஞ்சம் கொசுவர்த்தி.

முதல்ல எதுக்கு எண்ணெய்? பிளாஸ்டிக் சாமான் வார்க்கற அச்சு, அலுமினியம் வார்க்கற டை, ரப்பரை அழுத்தற பிளேட், காகிதத்துக்குப் பூச்சு ஏத்தற உருளை, மருந்து கலக்கற கொப்பரை, இதுக்கெல்லாம் சூடு வேணும். ஏனோதானோன்னு சூடு போதாது. 210 டிகிரின்னா 210-லயே நாள் முழுக்க நிக்கணும். ரெண்டு மூணு டிகிரி கூடிக் குறைஞ்சாலே சில சாமான் வளைஞ்சு வரும், சிலது ஒட்டிக்கும்.

தண்ணியிலயே செய்யலாமேன்னு கேப்பீங்க. செய்யறாங்க. சூட்டைச் சுமக்கறதுல தண்ணியை அடிச்சுக்க ஆள் கிடையாது. எண்ணெய் அதுல பாதிதான் சுமக்கும். ஆனா தண்ணி 100 டிகிரியில கொதிச்சுடுமே. அதுக்கு மேல தண்ணியாவே வச்சிருக்கணும்னா அழுத்தணும். நம்ம வீட்டு குக்கர்ல விசில் வர்ற நேரம் உள்ள 120 டிகிரி, அழுத்தம் வெளிக்காத்தைப் போல ரெண்டு மடங்கு. 180 டிகிரின்னா பத்து மடங்கு. 250 டிகிரின்னா கிட்டத்தட்ட நாப்பது மடங்கு. அது குக்கர் இல்லைங்க, வெடிகுண்டு. இதுக்குன்னே இருக்கற எண்ணெய் 250 டிகிரியிலயும் சாதுவா எண்ணெயாவே இருக்கும், பெரிய அழுத்தமும் வேணாம். அதான் காரணம்.

யூனிட்டுக்குள்ள என்ன இருக்கு? ஒரு பம்ப். ஒரு ஹீட்டர். குளிர வைக்க ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதுல ஒரு பக்கம் எண்ணெய், இன்னொரு பக்கம் பச்சைத் தண்ணி, ரெண்டும் தொட்டுக்காது. எண்ணெய் விரிஞ்சா போய் உக்கார மேல ஒரு சின்ன டாங்க். அப்புறம் சூட்டைப் பாக்கற சென்சார், முடிவெடுக்கற கன்ட்ரோலர். அவ்வளவுதான்.

கன்ட்ரோலரை பி.ஐ.டி.ன்னு சொல்லுவாங்க. காலேஜ்ல அதை வச்சு மூணு சமன்பாடு எழுதிப் பயமுறுத்துவாங்க. எங்கம்மா அதை மண்ணெண்ணெய் ஸ்டவ்லயே செஞ்சாங்க. பால் ஆறிக்கிடந்தா திரியை நல்லாத் தூக்கி விடறது, அதாவது எவ்வளவு தூரம் போகணுமோ அவ்வளவு நெருப்பு, அது பி. ரொம்ப நேரமா வச்சும் இன்னும் சூடு வரலையேன்னு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டறது ஐ. பால் விறுவிறுன்னு ஏறி வருதுன்னு தெரிஞ்ச உடனே, பொங்கறதுக்கு முன்னாடியே திரியைத் தணிக்கறது டி. மூணும் தெரிஞ்சவங்க அடுப்புல பால் பொங்கி வழியாது.

இப்ப முக்கியமான நாலு விஷயம். யாராவது இந்தத் துறைக்குப் புதுசா வந்திருந்தா குறிச்சுக்குங்க.

ஒண்ணு, ஓட்டம். சென்சார் 250-ன்னு காட்டினாலும், ஹீட்டரை ஒட்டிக்கிட்டிருக்கற மெல்லிசான எண்ணெய்ப் படலம் அதைவிடச் சூடாத்தான் இருக்கும். எண்ணெய் வேகமா ஓடினா அந்தச் சூட்டை வாரிக்கிட்டுப் போயிடும். ஓட்டம் குறைஞ்சா படலம் கருகும். வடைச்சட்டி அடியில கரி பிடிக்கற மாதிரி ஹீட்டர் மேல கரி கட்டும். கரி கட்டினா சூடு வெளிய வராது, உள்ளயே ஏறும், கடைசியில ஹீட்டர் போயிடும். அதனால ஓட்டம் இல்லைன்னா ஹீட்டர் தானா அணையற மாதிரி ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை பைபாஸ் பண்ணி ஓட்டறவங்களை நான் பாத்திருக்கேன். தயவு செஞ்சு பண்ணாதீங்க.

ரெண்டு, விரியறது. அறைச் சூட்டுல 100 லிட்டர் ஊத்தினா 250 டிகிரியில ஏறக்குறைய 120 லிட்டர் ஆயிடும். மேல டாங்க்ல இடம் விடாம தளும்பத் தளும்ப ஊத்தினா, அது தரையிலதான் வந்து நிக்கும்.

மூணு, கசிவு. சொட்டுச் சொட்டா ஒழுகற எண்ணெய் குழாயைச் சுத்தின கம்பளிக்குள்ள ஊறி, உள்ளயே புழுங்கி ஒரு நாள் தீப்பிடிக்கும். அதனால சின்னக் கசிவுன்னு விடக்கூடாது.

நாலு, தண்ணி. சூடான பஜ்ஜிச் சட்டியில ஈரக் கரண்டியை விட்டா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல ஆகும். மூடின குழாய்க்குள்ள அது நடந்தா? அதனால புது எண்ணெய் ஊத்தினா நேரா சூட்டை ஏத்தக்கூடாது. நூறு டிகிரிக்குச் சித்த மேல கொண்டு போய் நிறுத்தி, சுத்தவிட்டு, இருக்கற ஈரமெல்லாம் மேல டாங்க் வழியா ஆவியாப் போற வரைக்கும் பொறுமையாக் காத்திருக்கணும். பல மணி நேரம் ஆகும். சில சமயம் ஒரு ஷிப்டே போகும்.

இந்த நாலாவதுலதான் என் கதை இருக்கு.

அதுக்கு முன்னாடி எங்க நைனாவைப் பத்திச் சொல்லணும். அவரு சாம்பியன் ரீஃப் மைன்ஸ்ல அண்டர்கிரவுண்ட் தொழிலாளி. 1965-ல வேலைக்குச் சேந்தாரு. அதே வருஷம் அதே சுரங்கத்துல, ரெண்டு கிலோமீட்டருக்கும் மேல ஆழத்துல, விஞ்ஞானிங்க வளிமண்டலத்துல உண்டாகற நியூட்ரினோவைப் பதிவு பண்ணி உலகம் பூரா பேசினாங்க. நைனாவுக்கு அது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது சூடு.

சாம்பியன் ரீஃப்ல கடைசியில மூணு கிலோமீட்டருக்கு மேல இறங்கிட்டாங்க. அந்த ஆழத்துல பாறையோட சூடே 60 டிகிரியைத் தாண்டும். மேலேர்ந்து காத்து அனுப்பினாலும், காத்து கீழ இறங்க இறங்கத் தானே நசுங்கிச் சூடாகும். காஞ்ச காத்துன்னா ஒரு கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி கணக்கு. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்ப் சுடுதே, அதே சமாசாரம். அதோட பாறையில கசியற தண்ணி, ஈரம். ஈரக் காத்துல வேர்வை காயாது. வேர்வை காயலைன்னா உடம்பு குளிராது. அதனால 1930-கள் முடியறதுக்குள்ளயே, உலகத்துல வெகு சில சுரங்கத்துலதான் இருந்த மாதிரி, காத்தைக் குளிர வச்சுக் கீழ அனுப்பற பெரிய மெஷினை அங்க வச்சாங்க. 1902-லயே சிவனசமுத்திரத்துலேர்ந்து நூத்திச் சொச்சம் கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கரண்ட் வந்த ஊராச்சே.

நைனா ஷிப்ட் முடிஞ்சு வந்தா முதல்ல ஒரு சொம்புத் தண்ணி குடிப்பாரு. அப்புறம் திண்ணையில படுத்துடுவாரு. ஒண்ணும் பேசமாட்டாரு. நானும் தங்கச்சியும் பேப்பரை மடிச்சு விசிறுவோம். "போதும் கண்ணு, கை வலிக்கும்"பாரு. அந்த வேலையில நான் போகக்கூடாதுன்னு ஓவர்டைம் பாத்து பெங்களூர்ல இன்ஜினியரிங் படிக்க வச்சாரு. சூட்டுலேர்ந்து என்னைக் காப்பாத்தணும்னு படிக்க வச்சாரு. நான் படிச்சு, அமெரிக்கா வந்து, இங்கயும் சூட்டுக்கிட்டயே நிக்கறேன். என்னத்தச் சொல்ல.

2001 பிப்ரவரி 28-ஓட மைன்ஸை மூடிட்டாங்க. 36 வருஷம் உழைச்ச மனுஷன், மறுநாள் காலையில சங்கு ஊதாத ஊர்ல எழுந்து உக்காந்திருந்தாரு. தங்கச்சி கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. வீட்டுல சம்பளம்னு வர்றது இனிமே என்னோடது மட்டும்தான்.

சரியா மூணு வாரம் கழிச்சு, மார்ச் மாசம், நான் வேலை பாத்த ஃபேக்டரியில ஒரு யூனிட்ல சீல் போய் எண்ணெய் ஒழுகிடுச்சு. சீல் மாத்தி, வெளிய ஷெட் ஓரமா நின்ன டிரம்முலேர்ந்து எண்ணெய் நிரப்பினோம். குளிர்காலம் முழுக்கப் பனியிலயும் மழையிலயும் நின்ன டிரம். என் கூட இருந்த டெக்னீஷியன், முப்பது வயசு இருக்கும், அமெரிக்கக்காரர். "இது வெளிய இருந்த டிரம், மூடியில தண்ணி தேங்கி இருந்துச்சு, மெதுவா ஏத்தலாமா?"ன்னு கேட்டாரு. மேலதிகாரி ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு, உற்பத்தி நிக்குதுன்னு. எனக்கு விசா, கிரீன் கார்டு, தங்கச்சி கல்யாணம் எல்லாம் கண்ணு முன்னாடி வந்து போச்சு. "பரவாயில்ல, நேரா 220-க்கு வைங்க"ன்னு நான்தான் சொன்னேன்.

நூறைத் தாண்டினதும் பம்ப்ல கூழாங்கல்லு உருள்ற மாதிரி சத்தம். அழுத்தம் காட்டற முள்ளு ஆட ஆரம்பிச்சுது. அந்தச் சத்தம் என்னன்னு எனக்குத் தெரியும், ஆவி. நான் கத்தறதுக்குள்ள அவரு நிறுத்தறதுக்காகக் கிட்ட போயிட்டாரு. மேல டாங்க்லேர்ந்து எண்ணெய் குபுக்குன்னு பொங்கி வந்து அவரு முழங்கை வரைக்கும் கொட்டிடுச்சு.

ஆம்புலன்ஸ் போனதுக்கப்புறம் அதிகாரி ஒரு ஃபாரத்தை என்கிட்ட குடுத்தாரு. காரணம்னு ஒரு கட்டம். "இயக்கினவரோட தவறு, அவ்வளவுதானே? அவர் கிட்ட போயிருக்கக்கூடாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த வருஷம் ஊரெல்லாம் ஆள் குறைப்பு. அந்தக் கட்டத்துல ரெண்டு வார்த்தை எழுதினா என் வேலை பத்திரம். அவரும் கிட்ட போனது நிஜம்தானே?

அன்னிக்கு ராத்திரி காலிங் கார்டைச் சுரண்டி நைனாவுக்கு போன் போட்டேன். ஊர்ல காலை நேரம். பக்கத்து வீட்டு போன், கூட்டிட்டு வந்தாங்க. நடந்ததைச் சொன்னேன். "என்ன எழுதட்டும் நைனா?"ன்னு கேட்டேன். வேலையை விட்டுடாதடான்னு சொல்லுவாருன்னு எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னா, அப்படிச் சொல்லணும்னு ஆசைப்பட்டேன்.

அவரு, "அந்தப் பையன் கை எப்படி இருக்கு?"ன்னாரு.

"தெரியல நைனா."

"போய்ப் பாக்கலையா?"

"இல்ல..."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. கார்டுல நிமிஷம் ஓடிட்டிருக்கு. அப்புறம், "மொதல்ல போய்ப் பாரு கண்ணு. என்னா எழுதறதுன்னு அப்பறம் உனக்கே தெரியும்"ன்னுட்டு போனை அவங்க கையில குடுத்துட்டாரு.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில பெரிய கட்டு. அவரு சம்சாரம் மூணு மாசக் குழந்தையோட உக்காந்திருந்தாங்க. அவரு டிரம்மைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. "யூனிட் ஓடுதா?"ன்னு கேட்டாரு. எனக்கு அங்க நிக்க முடியலைங்க.

ஃபாரத்துல எழுதினேன். டிரம்முல தண்ணி இருக்கலாம்னு அவர் எச்சரிச்சாரு, ஈரத்தைப் போக்காம சூட்டை ஏத்தச் சொன்னது நான்னு. அதிகாரி படிச்சுட்டு ஒண்ணும் சொல்லலை. ஒரு மாசத்துல அந்த புராஜெக்ட் என் கையை விட்டுப் போச்சு. எட்டு மாசம் கழிச்சு நாப்பது பேரை அனுப்பினப்ப என் பேரும் இருந்தது. கிரீன் கார்டு மறுபடி முதல்லேர்ந்து. தங்கச்சி கல்யாணத்துக்கு நைனா மைன்ஸ்ல வந்த பணத்துல பாதியைப் போட வேண்டியதாப் போச்சு. அதுக்கு அவரு ஒரு நாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அம்மா சொன்னாங்க :-)

அதுக்கப்புறம் வேலை பாத்த ஒவ்வொரு இடத்துலயும் யூனிட் மேல ஒரு தாள் ஒட்டுவேன். எண்ணெய் நிரப்பினா 105 டிகிரியில நிறுத்து, பம்ப் சத்தம் அடங்கற வரைக்கும் ஏத்தாதே. டிரம் உள்ள வை. யாராவது மெதுவாப் போகலாம்னு சொன்னா மெதுவாப் போ.

2006-ல நைனாவை இங்க கூட்டிட்டு வந்தேன். அனுமதி வாங்கி என் யூனிட்டைக் காட்டினேன். தலையில தொப்பி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கிட்டு சுத்திச் சுத்திப் பாத்தாரு. குழாய்க்குக் கொஞ்சம் தள்ளி உள்ளங்கையைக் காட்டினாரு. தொடாமலே சூட்டை அளக்கற பழக்கம்.

"நிறுத்தும்போது எதை மொதல்ல நிறுத்துவீங்க?"ன்னு கேட்டாரு.

நல்ல கேள்விங்க. இன்டர்வ்யூல நான் கேக்கற கேள்வி அது. ஹீட்டரை முதல்ல அணைக்கணும். பம்ப் ஓடிக்கிட்டே இருக்கணும், எண்ணெய் நல்லா ஆறற வரைக்கும். ரெண்டையும் சேத்து நிறுத்தினா, ஹீட்டர்ல மிச்சம் இருக்கற சூடு அங்கயே நிக்கற எண்ணெயைக் கருக்கிடும். இதைச் சொன்னேன்.

தலையாட்டினாரு. "ஆமா. ஆளுங்கெல்லாம் மேல வந்தப்பறந்தான் ஃபேனை நிறுத்தணும்."

2011-ல நைனா போயிட்டாரு. மூச்சுதான். பாறைத் தூளு முப்பத்தாறு வருஷம் சும்மா விடுமா. அவரு இறங்கின அந்த ஆழமெல்லாம் இப்ப பம்ப் நின்னு தண்ணி ரொம்பிக் கிடக்கு. ஊர்ல மிச்சம் இருக்கறது சயனைடு மேடும், லைன் வீடுங்களும், காலையில பெங்களூர் ட்ரெயினுக்கு ஓடற ஜனமும்தான்.

அந்த டெக்னீஷியன் இப்ப ஃப்ளோரிடாவுல இருக்காரு. அன்னிக்குக் கைக்குழந்தையா இருந்த பொண்ணுக்குப் போன மாசம் கல்யாணம். போட்டோ அனுப்பியிருந்தாரு, அரைக்கை சட்டை, கையில தழும்பு தெரியுது. வர்ற சனிக்கிழமை அவருக்கு போன் பண்ணணும்.